கணினி எழுந்துவிட்டது, டிஸ்க் இன்னும் எழவில்லை

வணக்கம் மக்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் கண்டுகொள்ளாதீர்கள், செம்பனைக் குலை ஏற்றிய லோரி எல்லாம் இந்த ரோட்டில்தான் ஆலைக்குப் போகும்.

இன்றைக்கு ஸ்லீப் விஷயம். கணினியைத் தூங்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறீர்கள். வந்து கீபோர்டைத் தட்டினால் விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பெட்டிக்குள் ‘ஊ...ங்’ என்று ஒரு சத்தம் மெல்ல ஏறும். அது ஏறி முடிந்த பிறகுதான் படம் வரும். உடனே ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) பத்தவில்லை, வைரஸ் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். போக வேண்டாம், ஐம்பது வெள்ளி மிச்சம்.

எஸ்3 என்கிற அந்தத் தூக்கத்தில் ராம் உயிரோடு இருக்கும், ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் நின்றுவிடும். எழுப்பும்போது உள்ளே இருக்கும் தட்டு நின்ற இடத்திலிருந்து நிமிடத்துக்கு 7,200 சுற்று வேகத்துக்கு ஏற வேண்டும். மேசைக் கணினியில் இருக்கும் 3.5 அங்குல டிஸ்க்குக்கு இதற்குப் பல விநாடிகள் பிடிக்கும். தட்டுகள் நிறைய உள்ள பெரிய டிஸ்க் என்றால் 10 விநாடியைக்கூடத் தாண்டலாம். இது மோட்டார் செய்கிற வேலை. எந்த ஆப் போட்டாலும் மோட்டார் சீக்கிரம் சுற்றாது. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

சரி, அப்புறம் எதைத்தான் வேகப்படுத்துவது? நாம் காத்திருப்பதைத்தான். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும், காலையில் ஆட்களை வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவது. ஒருவர் வரவில்லை என்பதற்காக மொத்த ஆட்களையும் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், நிற்க வைத்திருந்தால் எப்படி இருக்கும்? விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம் லினக்ஸ், அதன் மையப் பகுதிதான் கர்னல். பழைய லினக்ஸ் கர்னல் அதைத்தான் செய்துகொண்டிருந்தது. டிஸ்க்கைச் செருகும் சாட்டா போர்ட் எழ வேண்டும், டிஸ்க் ‘சுற்றிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டும், இரண்டும் முடிந்த பிறகே மற்ற புரோகிராம்களை அவிழ்த்துவிடும். இன்டெல்லில் இருந்த டாட் பிராண்ட் இதை மாற்றினார். எழுந்திரு என்று டிஸ்க்குக்குக் கட்டளை போகும், பதிலுக்கு நிற்காமல் கணினி தன் வேலையைத் தொடங்கிவிடும், டிஸ்க் பின்னணியில் எழுந்து வந்து சேர்ந்துகொள்ளும். 2014 ஜூனில் வந்த லினக்ஸ் 3.15இல் இது சேர்ந்தது. என்னைக் கேட்டால் அந்த வெளியீட்டில் சாதாரண ஆட்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை இதுதான். ஒரு சென் செலவில்லை.

இதில் ஒரு சங்கதி. திரை வந்துவிட்டது என்பதால் எல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ராமில் ஏற்கனவே இருப்பது மட்டும்தான் உடனே ஓடும். திறந்து வைத்த கடிதம், பாதி எழுதிய கணக்கு, இதெல்லாம் பிரச்சினை இல்லை. புதிதாக ஒரு படத்தைத் திறந்தால் டிஸ்க் சுற்றும்வரை நின்றுதான் ஆக வேண்டும். ராம் குறைவாக இருந்து, ராமில் இடம் பத்தாததை ஒதுக்கி வைக்கும் ஸ்வாப்பும் அதே டிஸ்க்கில் கிடந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் திறந்து வைத்ததில் பாதி அங்கே போய் ஒளிந்திருக்கும். அதனால் சிஸ்டத்தையும் ஸ்வாப்பையும் சிப்பிலேயே சேமிக்கும் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் போடுங்கள், அதில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. கல்யாண வீடியோ, குடும்பப் படங்கள் எல்லாம் பெரிய டிஸ்க்கிலேயே இருக்கட்டும்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பவர் ஆப்ஷன்ஸில் ஹார்டு டிஸ்க்கை அணைக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடுவில் கணினி உறைந்து நின்றால் அங்கே போய்ப் பாருங்கள். ஸ்லீப்பிலிருந்து எழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

லினக்ஸ் ஆட்கள் ஊகிக்கவே வேண்டாம். ஸ்லீப்கிராஃப் என்று ஒரு கருவி, கர்னல் மூலநிரலோடேயே வருகிறது. இப்போது திரையில் தெரிகிற கட்டளையை அப்படியே அடியுங்கள். கணினி தானே தூங்கி, தானே எழுந்து, எந்தப் பாகம் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்று பட்டை பட்டையாக ஒரு பக்கம் வரைந்து கொடுக்கும். உங்களுடையதில் எந்தப் பட்டை நீளம் என்று கமெண்டில் போடுங்கள், கர்னல் பதிப்பு எண்ணையும் சேர்த்து. டிஸ்க் இல்லாமல் வேறு ஏதாவது நீளமாக இருந்தால் அதை அடுத்த வீடியோவில் பார்ப்போம்.