சேர்ந்த பலமா, பட்ட பாடமா? – ‘பட்ட பாடமே’ அணியின் உரை

நடுவர் ஐயாவுக்கும், இந்தக் குளிரிலயும் கம்பளியைப் போர்த்திக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும், எதிரணியில என்னை முறைச்சுக்கிட்டிருக்கிற தம்பிமாருக்கும் வணக்கம்.

“இணை உலகங்களில இருந்து கூடிவந்த சூப்பர் ஹீரோக்கள், வஞ்சம் தீர்க்க வந்த வில்லனை வெல்வது சேர்ந்த பலத்தாலா, பட்ட பாடத்தாலா?” இதுதான் தலைப்பு. இணை உலகம்னா நம்ம உலகம் மாதிரியே இருக்கிற வேற உலகம், அங்கயும் அதே ஹீரோ வேற ஒருத்தனா இருப்பான். நான் ரெண்டாவது கட்சி. காமன் கூத்துல காமன் எரிந்த கட்சி, எரியாத கட்சின்னு விடிய விடிய வழக்காடினதைக் கேட்டு வளர்ந்த மலையகத்துச் சனத்துக்கு முன்னால கட்சி கட்டுறது லேசான வேலையில்லை. அதனால நேரே விஷயத்துக்கு வர்றேன்.

எனக்கு முன்னால பேசின தம்பி என்ன சொன்னார்? “ஓர் உலகத்து ஹீரோவால முடியாததை நாலு உலகத்து ஹீரோ சேர்ந்தா முடிச்சிடுவாங்க, கூட்டிப் பாருங்க, கணக்குச் சரியா வரும்” என்றார். கைத்தட்டும் வாங்கினார். கணக்கில தம்பி நல்ல புள்ளி எடுத்திருப்பார், சந்தேகமில்லை. கதையைத்தான் பாதியில விட்டுட்டார்.

அவர் காட்டின உதாரணம் 1985இல தொடங்கின ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’. மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரேஸ் வரைஞ்ச காமிக்ஸ், மொத்தம் 12 இதழ். ஆன்டி-மானிட்டர்ங்கிற வில்லன் உலகம் உலகமா அழிச்சுக்கிட்டு வர்றான். எல்லா உலகத்து ஹீரோக்களும் திரண்டு எதிர்க்கிறாங்க. சரி, திரண்டாங்களே, அதோட முடிஞ்சுதா? 7ஆம் இதழ்ல கூட்டமாப் போய் அவன் கோட்டையிலயே அடிச்சாங்க. என்ன கிடைச்சுது? சூப்பர்கேர்ளோட பிணம். அடிபட்ட வில்லன் தப்பிச்சு ஓடிட்டான். 8ஆம் இதழ்ல அவனோட பெரிய பீரங்கியை உடைச்சது எந்தப் படை? படையே இல்லை. பேரி ஆலன்ங்கிற வேக ஹீரோ ஃபிளாஷ் ஒத்த ஆளா ஓடி ஓடியே உடைச்சு, அதிலேயே செத்தும் போனான்.

கடைசி இதழுக்கு வாங்க. திரும்பத் திரும்ப எழும்பி வர்றவனைக் கடைசியா முடிச்சது யார்? இளம் சூப்பர்மேன் இல்லை. இரண்டாம் பூமியில இருந்து வந்த, காதோரம் நரைச்ச மூத்த சூப்பர்மேன். அவருக்குத் திரும்பிப் போக ஓர் உலகம் இல்லை. அவர் பூமி இருந்த தடமே அழிஞ்சு போச்சு. மனைவி லோயிஸும் அதோட போயிட்டாள்னு நம்பிக்கிட்டிருக்கார். அந்த நேரத்தில தன்னைவிட வயசு குறைஞ்ச சூப்பர்மேனைத் தன் பக்கத்தில நிறுத்தி வச்சுக்கிட்டாரா? இல்லை, அவனைத் திருப்பி அனுப்பிட்டார். தம்பியோட கணக்குப்படி பார்த்தா அது பெரிய முட்டாள்தனம்! ரெண்டு சூப்பர்மேன் இருக்கிற இடத்தில ஒருத்தரைக் கழிச்சா பலம் குறையத்தானே செய்யும்? ஆனா எல்லாத்தையும் இழந்தவருக்குத் தெரியுது, இழக்க இன்னும் மிச்சம் உள்ளவன் அந்த இடத்தில நிக்கக் கூடாதுன்னு. அந்தக் கதையில எனக்கு ஆகப் பிடிச்ச இடம் அதுதான்.

இப்ப நம்ம பிள்ளைகள் போன்ல திரும்பத் திரும்பப் பார்க்கிற 2021ஆம் ஆண்டு ஸ்பைடர்மேன் படத்துக்கு வருவோம். மூணு உலகத்து மூணு பீட்டர் பார்க்கர். மூணு பேரும் ஒரே பிள்ளை மாதிரி, ஆளுக்கொரு வலை, ஒரே பாய்ச்சல். பலத்தைக் கூட்டினா மூணு மடங்கு வரணும். வந்துச்சா? முதல் சுற்றில ஒருத்தன் வழியில ஒருத்தன் குறுக்க விழுந்து, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டா மூணு பேரும் திரும்பிப் பார்த்து, ஒரே கூத்து! அப்பதான் சின்னவன் சொல்றான், “நான் அவெஞ்சர்ஸ்ங்கிற அணியில இருந்திருக்கேன்” என்று. மற்ற ரெண்டு பேரும் அப்படின்னா என்னன்னு கேக்கிறாங்க, அவங்க உலகத்தில அது இல்லை. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போட்டுக்கிட்டு, ஒரு நேரத்துக்கு ஒரு வில்லன் என்று பிரிச்சு எடுக்கிறாங்க. அந்த ஒழுங்கு பலத்தால வந்ததா? ஒருத்தன் முன்னால ஓர் அணியில பட்டுப் படிச்சதால வந்தது.

இன்னும் ஒரு காட்சி. சின்னவனோட காதலி எம்ஜே மேலயிருந்து விழுறாள். சின்னவன் பாயுறான், வில்லன் கோப்ளின் நடுவில வந்து அவனை அடிச்சுக்கிட்டுப் போயிடுறான். அடுத்த கணம் பாயுறது யார்? தன் உலகத்தில காதலி க்வென்னை இதே மாதிரி விழும்போது காப்பாற்ற முடியாமப் போன பீட்டர். பிடிச்சு இறக்கிட்டு அந்தப் பிள்ளையிட்ட, “உனக்கு ஒன்றுமில்லையே?” என்று கேக்கிறான். அவள் இல்லைங்கிறாள். திருப்பி அவனைக் கேக்கிறாள். அவன் முகம் உடைஞ்சு போகுது. தம்பிமாரே, அந்த முகத்தில எந்தப் பலத்தைக் கண்டீங்க?

அதுக்குப் பிறகு தன் மாமியைக் கொன்ற கோப்ளினை அவனோட கிளைடராலேயே குத்த சின்னவன் ஓங்குறான். நம்ம எல்லாருக்கும் ‘குத்து’ன்னுதான் இருந்துச்சு, இல்லையா? எனக்கும் அப்படித்தான். மூத்த பீட்டர் ஒரு வார்த்தை பேசாம நடுவில வந்து அதைப் பிடிச்சுக்கிறான். அவனும் ஒரு காலத்தில பெரியப்பாவைக் கொன்றவனைத் துரத்திப் போனவன், போயும் மனசு ஆறாதவன். அவன் பின்னால நின்ற கோப்ளின் அவனையே குத்துறான், அது வேற. ஆனா சின்னவனும் இன்னொரு பழிகாரனா மாறாமத் தடுத்தது, வேற உலகத்தில பட்ட ஒருத்தனோட கை.

பலம் மட்டும் போதும்னா, 2016இல வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில அவெஞ்சர்ஸ் ஏன் உடைஞ்சாங்க? அது இணை உலகக் கதை இல்லை, பங்காளிச் சண்டை. இருந்தாலும் பாருங்க. அதில வில்லன் சீமோவுக்கு ஒரு சக்தியும் கிடையாது. அப்பனையும் பொண்டாட்டியையும் பிள்ளையையும் அவெஞ்சர்ஸ் சண்டை போட்ட சொகோவியாவில இழந்த வெறும் மனுசன். ஆறுக்கு ஆறு என்று பன்னிரண்டு பேர் ஒரு விமான நிலையத்தில மோதிக்கிட்டாங்க. அவன் சும்மா மூட்டி விட்டான். கடைசியில அவனைப் பிடிச்சது அந்தப் பன்னிரண்டு பேரோட மொத்தப் பலமா? தன் அப்பாவை அவனாலேயே இழந்த, பிளாக் பாந்தர்ங்கிற டிச்சல்லா, பழி வேணாம்னு நகத்தை உள்ளே இழுத்துக்கிட்டுப் பிடிச்சான்.

தம்பி நம்ம ஊர்ச் சங்கதியையும் இழுத்தார். “எல்லாத் தொழிற்சங்கமும் ஒண்ணா நின்னாத்தான் தோட்டத்துச் சம்பளம் கூடும், கூடி நின்னா பலம்தான்” என்றார். ஒண்ணா நிக்கிறதை வேணாம்னு நான் சொல்லல்ல. 1947இல நம்ம மலையகத்துச் சார்புல ஏழு பேர் இலங்கைப் பாராளுமன்றம் போனாங்க. ஏழு பேரும் பலமாத்தான் இருந்தாங்க. 1948இல நம்ம சனத்துக்குக் குடியுரிமை இல்லாம ஆக்கின பிரசாவுரிமைச் சட்டம் வந்துச்சே, அந்தப் பலம் தடுத்துச்சா? அதுக்குப் பிறகு நாடில்லாதவங்களா நின்ற சனம் என்ன படிச்சுது தெரியுமா? கடுதாசியைக் கிழிக்கக் கூடாதுன்னு படிச்சுது. எங்க அப்பாயி லயத்து வீட்டில தகரப் பெட்டிக்குள்ள, கல்யாணச் சேலைக்கு அடியில, தோட்டத்துத் துண்டுச் சீட்டு ஒண்ணு விடாம மடிச்சு வச்சிருந்தாங்க. எழுத்துப் படிக்கத் தெரியாது. 1964 அக்டோபர் 30 முதல் இங்க இருந்தவங்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் பிரசாவுரிமைன்னு 2003இல சட்டம் வந்தப்போ, அந்தப் பெட்டியைத்தான் முதல்ல திறந்தோம்.

இப்ப எதிரணி என்ன கேக்கும்னு எனக்குத் தெரியும். “பட்டவன் எல்லாம் திருந்தினானா? சூப்பர்பாய்-பிரைம் என்ன ஆனான்?” நல்ல கேள்வி, மறைக்க மாட்டேன். அவன் இன்னொரு பூமியில இருந்து வந்த பையன் சூப்பர்மேன். அவனும் தன் உலகத்தை இழந்தவன். அதே மூத்த சூப்பர்மேனோட ஒரே இடத்தில ஒதுங்கி இருந்து, மற்றவங்க வாழுறதைப் பார்த்துப் பார்த்து வெந்து, 2006இல முடிஞ்ச ‘இன்ஃபினிட் கிரைசிஸ்’ கதையில அந்தப் பெரியவரையே அடிச்சுக் கொன்றவன். பட்டான், ஆனா படிக்கல்ல. நம்ம தலைப்பு ‘பட்ட காயத்தாலா’ன்னு இல்லையே, ‘பட்ட பாடத்தாலா’ன்னுதானே இருக்கு நடுவர் ஐயா? அவன் கையில பலத்துக்கும் குறைவில்லை. அந்தப் பலத்தை வச்சு அவன் யாரைக் காப்பாற்றினான்?

ஐயா மணிக்குக் கை கொண்டு போறது தெரியுது. அடுத்து பேச வர்ற அக்கா ஒண்ணே ஒண்ணுக்குப் பதில் சொல்லிட்டு மற்றதைப் பேசட்டும். சேர்ந்த பலம்தான் வெல்லும்னா, அந்த நரைச்ச சூப்பர்மேன் இளையவனை ஏன் திருப்பி அனுப்பினார்?