கார் கண்ணாடியில் கருப்பு ஃபிலிம்: அபராதம் வந்தால் என்ன செய்வது?

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ரொம்ப வருஷமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தி வருகிறேன். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவரிடம் கிளட்ச், கியர் பற்றித்தான் கேட்பார்கள் என்று நினைப்பீர்கள். பழைய மாணவர்கள் போன் செய்தால் பாதிப் பேர் கேட்பது ஃபைன் பற்றித்தான். அதிலும் பங்குனி வெயில் தொடங்கிவிட்டால் ஒரே கேள்வி: "சார், சன் ஃபிலிம் ஒட்டியிருக்குன்னு கேஸ் போட்டுட்டாங்க, என்ன பண்றது?" அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன். பதிலோடு சேர்த்து, என் மனதில் நெடுநாளாக இருக்கும் ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-ஆவது விதி கண்ணாடியைப் பற்றியது. காரின் முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை விட வேண்டும். பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமாவது விட வேண்டும். விதி இருந்தது, ஆனால் ஊரெல்லாம் கருப்புக் கண்ணாடி கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவிஷேக் கோயங்கா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2012 ஏப்ரல் 27-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. கார் கம்பெனியிலிருந்து வரும் கண்ணாடி அந்த 70, 50 அளவுக்குக் குறையாமல் வெளிச்சம் விட்டால் சரி. அதன் மேல் எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் மே 4-ஆம் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. ஃபிலிம் தயாரிப்பவர்களும் விற்பவர்களும் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் அதே நிலையில்தான் நின்றது.

"மந்திரி கார்ல மட்டும் எப்படி சார்?" என்று கேட்பார்கள். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு விலக்குக்கு இடம் கொடுத்தது. மற்றபடி யாராக இருந்தாலும், எந்தக் கட்சிக் கொடி கட்டிய வண்டியாக இருந்தாலும், சட்டம் ஒன்றுதான்.

சரி, அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. அந்த 100-ஆவது விதியை மத்திய அரசு திருத்தியது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில், தரத்துக்கு உட்பட்ட 'சேஃப்டி கிளேசிங்' பொருளுக்கும், அதாவது உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் சேர்ந்த கண்ணாடி போன்றவற்றுக்கும், இடம் வந்தது. அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70-க்கும் 50-க்கும் குறையாமல் வெளிச்சம் விடும், தரத்துக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. இந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்த நாள் முதல் நம் ஊரிலும் நிறையப் பேர் தைரியமாக ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். அது கேரளத்து உயர் நீதிமன்றம். நம் ஊர்ச் சாலையில் நிறுத்தும் அதிகாரியை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இரண்டாவது, அந்தத் தீர்ப்பும் கருப்புக் கண்ணாடியை அனுமதிக்கவில்லை. 70, 50 என்ற எண்கள் அப்படியே நிற்கின்றன.

இந்த எண்களில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கடைக்காரர் "இது 60 சதவீத ஃபிலிம், பக்கக் கண்ணாடிக்கு 50 போதும், கவலையே வேண்டாம்" என்பார். உங்கள் கையில் நூறு ரூபாய் இருக்கிறது, வழியில் இரண்டு சுங்கச்சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சாவடி கார் கண்ணாடி. இன்றைய கார்களில் கம்பெனிக் கண்ணாடியே லேசான பச்சையாக இருக்கும். அது நூறில் 75-ஐத்தான் விடுகிறது என்று வைப்போம். இரண்டாவது சாவடி அந்த ஃபிலிம். அது நூறில் 60-ஐ விடும் என்றால், மிச்சமிருக்கும் 75-இல் 60 சதவீதம், அதாவது 45 ரூபாய்தான் உங்கள் கைக்கு வரும். ஃபிலிம் அட்டையில் 60 என்று போட்டிருந்தாலும் உங்கள் கண்ணாடி 45-க்கு வந்துவிட்டது. மறுபடி சொல்கிறேன்: அட்டையில் உள்ள எண் ஃபிலிமுக்கு மட்டும். சட்டம் கேட்பது கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்த எண்.

இப்போது அபராதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆவது பிரிவில்தான் இதற்குக் கேஸ் வரும். முன்பு நூறு ரூபாய், மறுபடி மாட்டினால் முந்நூறு. 2019-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு முதல் தடவை 500, அடுத்த தடவை முதல் 1,500. தமிழ்நாட்டில் உயர்த்திய தொகை 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஐந்நூறுதானே, கட்டிவிட்டுப் போவோம் என்று நினைக்கிறவர்கள் அந்த "அடுத்த தடவை"யை மறந்துவிடுகிறார்கள். ஃபிலிம் கண்ணாடியிலேயே இருக்கிறது. பணம் கட்டிய ரசீது நாளைக்கு உங்களைக் காப்பாற்றாது.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. பழைய கார் ஒன்று வாங்கினார். வாங்கும்போதே நாலு பக்கமும் ஃபிலிம். அவர் ஒட்டவில்லை, அதனால் தனக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டார். முதலில் ஐந்நூறு கட்டினார். அப்புறம் மகள் வீட்டுக்குப் போகிற வழியில் இன்னொரு இடத்தில் நிறுத்தி 1,500 என்றதும்தான் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நான் ஒட்டலையே" என்றார். ஒட்டியவர் யார் என்று சட்டம் கேட்பதில்லை ஐயா, இன்று வண்டி யாருடையதோ அவர்தான் பொறுப்பு என்றேன். சரி, பிரித்துவிடலாம் என்று ஒரு கடைக்குக் கொண்டுபோய் விட்டார். அங்கே வேலை செய்த பையன் பக்கக் கண்ணாடிகளை ஒழுங்காகத்தான் உரித்தான். பின் கண்ணாடிக்கு வந்ததும் பிளேடை எடுத்துச் சுரண்டிவிட்டான். பின் கண்ணாடியின் உள்பக்கம் கிடைக்கோடாக மெல்லிய கம்பி மாதிரி வரிகள் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பனி படிந்தால், மழையில் ஆவி பிடித்தால், சுவிட்சைப் போட்டதும் அந்த வரிகள் சூடாகிக் கண்ணாடி தெளியும். பிளேடு பட்ட இடத்தில் வரி அறுந்துவிட்டது. அடுத்த முறை கொடைக்கானல் ஏறும்போது பின்னால் வருவது எதுவும் தெரியாமல் அவர் பட்ட பாட்டை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதனால் உரிப்பதென்றால் இப்படிச் செய்யுங்கள். தலைமுடி உலர்த்தும் டிரையர் வீட்டில் இருந்தால் போதும். ஒரு மூலையிலிருந்து சூடு காட்டிக்கொண்டே மெதுவாக, அவசரப்படாமல் இழுங்கள். சூட்டில் பசை இளகி ஃபிலிம் ஒரே தாளாக வரும். மிச்சம் ஒட்டியிருக்கும் பசையைச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, பழைய ஏடிஎம் கார்டு மாதிரி பிளாஸ்டிக் அட்டையால் தள்ளி எடுங்கள். பின் கண்ணாடியில் பிளேடு வேண்டவே வேண்டாம். அந்த வரிகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு ஹாரன் அடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால், பார்க்கச் சொல்லித் தருகிறேன். எதைப் பார்ப்பது? மற்ற வண்டிக்குள் இருக்கும் ஆளை. நம் ஊர்ச் சாலையில் இண்டிகேட்டரை நம்பி ஓட்ட முடியாது, உங்களுக்கும் தெரியும். பாலக்கரைப் பக்கம் சாயங்கால நேரத்தில் நின்று பாருங்கள். ஆட்டோ, டவுன் பஸ், சைக்கிள், தள்ளுவண்டி எல்லாம் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போவது எப்படி? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான். அவர் என்னைப் பார்த்துவிட்டார், நிற்பார். அவர் போனில் பேசிக்கொண்டு வருகிறார், நிற்கமாட்டார். கை லேசாக அசைந்தது, "நீ போ" என்கிறார். ரோட்டைக் கடக்க நிற்கும் வயதான அம்மா சக்கரத்தைப் பார்ப்பதில்லை, ஓட்டுகிறவர் கண்ணைத்தான் பார்க்கிறார். கண்ணாடி கருப்பாக இருந்தால் அந்த அம்மா யாரைப் பார்ப்பது?

ஓரமாக நிற்கும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் போகிறவர்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். தெளிவான கண்ணாடியாக இருந்தால், பின் கண்ணாடி வழியாகவே உள்ளே ஆள் இருப்பது தெரியும். தலை திரும்புகிறது, தோள் கதவுப் பக்கம் சாய்கிறது, கை கைப்பிடிக்குப் போகிறது. கதவு திறக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்து நீங்கள் விலகிவிடுவீர்கள். கருப்பு ஃபிலிம் ஒட்டிய காரில் உங்களுக்கு முதலில் தெரிவது கதவுதான். அது உங்கள் முழங்காலுக்கு நேராக வந்த பிறகு விலக நேரம் ஏது? தில்லைநகர்க் குறுக்குத் தெருக்களில் கார்கள் இரண்டு பக்கமும் நிற்கும்போது இதை என் மாணவர்களுக்குக் காட்டிக் காட்டிச் சொல்வேன். கதவைப் பார்க்காதே, உள்ளே இருக்கிற தலையைப் பார்.

இன்னொன்றும் உண்டு. நெடுஞ்சாலையில் முன்னால் போகும் காரின் கண்ணாடிகள் தெளிவாக இருந்தால், அதன் ஊடாகவே அதற்கு முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு தெரியும். முன் வண்டி பிரேக் போடுவதற்கு முன்பே நம் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து வந்துவிடும். முன்னால் கருப்புக் கண்ணாடி வந்துவிட்டால் அந்த ஒரு நொடியும் போயிற்று. ஓட்டுகிறவருக்கும் அப்படித்தான். பகலில் குளுகுளுவென்று இருக்கும் அதே ஃபிலிம், ராத்திரி தெருவிளக்கு இல்லாத ஊர்ச்சாலையில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்கும் குழந்தையை மறைக்கும். உங்கள் கார் கண்ணாடி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. சாலையில் போகிற அத்தனை பேருக்கும் அதில் பங்கு இருக்கிறது. இதைச் சொல்வதில் எனக்குச் சலிப்பே வராது.

வெயில் உண்மைதான். திருச்சி வெயிலை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு மத்தியானம் காரில் ஏறுகிறவர்களின் கஷ்டம் நியாயமானது. ஆனால் கருப்பும் குளிர்ச்சியும் ஒன்றில்லை. வெயிலின் சூட்டில் பெரும் பங்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களில் வருகிறது. கருமை அதிகமானதால் அது அதே அளவு குறைந்துவிடாது. காரை நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மடக்குத் திரை வையுங்கள், நிழல் தேடி நிறுத்துங்கள். ஏறியதும் ஏசியைப் போடுவதற்கு முன் நாலு கண்ணாடியையும் இறக்கிச் சிறிது தூரம் ஓட்டுங்கள், அடைபட்ட சூடு வெளியேறிவிடும். பக்கக் கண்ணாடியில் ஒட்டும் வலைத் திரைகளை வண்டி நிற்கும்போது வைத்துக்கொள்ளுங்கள், ஓடும்போது எடுத்துவிடுங்கள். ஓடும் வண்டியில் அதற்கும் கேஸ் வரும்.

நிறுத்தினால் என்ன செய்வது? ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மரியாதையாகப் பேசுங்கள். உங்களுடையது ஃபிலிம் இல்லை, கம்பெனிக் கண்ணாடிதான் என்றால் வாதாடத் தேவையே இல்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி மேல் விளிம்பைக் காட்டுங்கள். ஃபிலிம் ஒட்டியிருந்தால் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கோடு தெரியும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். கம்பெனிக் கண்ணாடியில் அது இருக்காது. மூலையில் தரக் குறியீடு பொறித்திருக்கும், அதையும் காட்டுங்கள். ஃபிலிம் இருக்கிறது என்றால் ஒத்துக்கொண்டு சலானை வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தால் அந்த இடத்திலேயே கண்ணாடியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் கேளுங்கள். நடுரோட்டில் வாதாடி ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். ஆன்லைனில் பணம் கட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன்; முக்கியமானதை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இ-சலான் நிலுவையை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு நீங்களே பாருங்கள். "உங்கள் வண்டிக்கு ஃபைன்" என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், அதனுடன் ஏபிகே என்று முடியும் ஃபைல் வந்தால் இறக்கவே வேண்டாம். அதை நம்பி வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நிறையப் பேர். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பழைய கார் வாங்குகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் நிலுவை இருக்கிறதா என்று பார்த்து, ஃபிலிம் இருந்தால் விற்பவரையே உரித்துத் தரச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.