மகிந்தனுக்கு இரண்டு அத்தியாயங்கள்
(பண்டாரவளை வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

'பொன்னியின் செல்வ'னில் எதை மாற்றலாம் என்று கேட்டால் பலர் ஆதித்த கரிகாலன் கொலை முடிச்சுக்குத்தான் போவார்கள். அதைக் கல்கி முழுதாக அவிழ்க்காமல் விட்டதே அழகு. அதில் கை வைக்க வேண்டாம். ஐந்து பாகம், 293 அத்தியாயம் கொண்ட நாவலில் நான் கூடுதலாகக் கேட்பது மகிந்தனுக்கு இரண்டே அத்தியாயங்கள்.

இரண்டாம் பாகமான 'சுழற்காற்'றில் மாதோட்டம், தம்புள்ளை, அநுராதபுரம், தொண்டைமானாறு எல்லாம் வருகின்றன. சோழரிடம் தோற்று, தென்னிலங்கையின் ரோகணத்து மலைக்குப் போன இலங்கை மன்னன் மகிந்தனோ வெறும் பெயராகவே நிற்கிறான். பிக்குகள் நள்ளிரவில் சோழ இளவரசன் அருள்மொழிக்கு இலங்கைச் சிங்காதனம் தருகிறார்கள், அவன் மறுக்கிறான். அந்த ஆசனத்துக்கு உரியவனை நாம் கண்டதேயில்லை. அதனால் மறுப்பின் கனம் பாதிதான் நம்மிடம் வந்து சேர்கிறது.

முதல் அத்தியாயத்தை அநுராதபுரத்துக்குள் கதை நுழையும் முன் வைக்க வேண்டும். அதில் மகிந்தன் பாண்டியரின் மணிமுடியைக் காக்கிறான். இராஜசிம்ம பாண்டியன் இங்கே விட்டுப்போன முடி அது. சோழ மன்னன் பராந்தகன் படை அனுப்பியும் கிடைக்காமல் ரோகணத்துக்குள் ஒளிந்தது. தன் முடி கைநழுவும் நேரத்தில் பிறத்தியார் முடியைக் காவல் காக்கிறவனை, கெட்டவனாகவோ தியாகியாகவோ தீட்டத் தேவையில்லை. அளவுக்கு மீறி இரக்கம் ஊட்டினால் அருள்மொழி சிறுத்துப்போவான்.

இரண்டாவதை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நேரும். சிங்காதனக் காட்சிக்கு அடுத்தே வைத்தால் அது வெறும் விளக்கவுரை. அநுராதபுரத்திலிருந்து இந்த மலைக்குக் காட்டு வழியாக ஆள் வந்துசேர ஒரு வாரமாவது பிடிக்கும். ஆகவே அதன் இடம் மூன்றாம் பாகம் 'கொலை வா'ளின் தொடக்கம். சோழநாட்டில் இளவரசன் கடலில் போனான் என்று அழுகிறார்கள். மலையிலோ பாதிச் செய்திதான் வந்திருக்கிறது: பிக்குகள் ஆசனத்தைக் கொடுத்தார்கள் என்பது. மறுத்த கதை வரவில்லை. மகிந்தன் அந்தப் பாதியை நம்பி முடியை இன்னும் உள்ளே கொண்டுபோகச் சொல்கிறான்.

பின்னணியில் கவனம் வேண்டும். எல்ல இடைவெளியில் நின்று தெற்கே பார்த்தால் தெரியும் வெல்லவாயத் தாழ்நிலம் பழைய ரோகணத்தில் அடங்கியது. கதை ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. அந்த மாதங்களில் மழை மேற்கு மலையின் அட்டன் பக்கம், நமக்குக் காற்றும் காய்ந்த மானாப்புல்லும்தான். மூடுபனியும் தூறலும் எழுதினால் நம் ஊவாப் பகுதி வாசகர் ஏற்கமாட்டார். தேயிலைச் செடி ஒன்றுகூடத் தலைகாட்டக் கூடாது. தோட்டப் பயிராக அது இங்கே தொடங்கியதே 1867இல்தான்.

வரலாற்றில் ஐந்தாம் மகிந்தர் 1017இல் இராஜேந்திரன் படையிடம் பிடிபட்டு, 12 ஆண்டுகள் சோழநாட்டில் இருந்து இறந்தார். பாண்டியர் முடியும் இராஜேந்திரனிடம் போனது. எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்லிவிடுவது கல்கியின் வழக்கம்தானே. அத்தியாய முடிவில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, கதையைக் கோடிக்கரைக்குத் திருப்பிவிடலாம்.