கான்கூனை விடுங்க, டம்ளரைத் தட்டினா பால் ஊத்துற ஊருக்குப் போவோம்! | வெராக்ரூஸ், மெக்ஸிகோ

[திரையில்: கண்ணாடி டம்ளர், ஸ்பூன், சத்தம் மட்டும்]

ஓட்டல்ல உக்காந்துக்கிட்டு ஸ்பூனால டம்ளரை டிங் டிங் டிங்னு தட்டினா என்ன ஆகும்? சர்வர் திரும்பிப் பாக்குற பார்வையிலயே நாம ஸ்பூனைக் கீழ வச்சிருவோம். மெக்ஸிகோவுல ஒரு துறைமுக ஊர்ல அப்படியே தலைகீழ். அங்க தட்டலைன்னாதான் சிக்கல். தட்டாதவனுக்குக் காபியில பால் கிடையாது!

வணக்கம் மக்களே! மெக்ஸிகோ கடற்கரைன்னு தேடுனீங்கன்னா மொதல்ல வர்றது கான்கூன். நீலத் தண்ணி, வெள்ளை மணல், கையில பட்டை கட்டிவிட்டுட்டு மூணு வேளையும் சோறு போடுற ரிசார்ட். தப்பே இல்ல, காசு இருந்தா போயிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. 1970ல அரசாங்கம் வரைபடம் போட்டுக் கட்ட ஆரம்பிச்ச ஊர் அது. மொத ஹோட்டல்கள் திறந்தது 1974ல. டூரிஸ்ட்டுக்காகவே கட்டின இடத்துல போய் ‘லோக்கல் ஆளுங்க எங்கப்பா உக்காருவாங்க’ன்னு கேட்டா, கல்யாண மண்டபத்துல போய் ‘இந்த வீட்டுக்காரங்க எங்க’ன்னு தேடுற கதைதான்.

அதனால இன்னைக்கு நாம போறது வெராக்ரூஸ். மெக்ஸிகோ வளைகுடா பக்கம். இங்க மணல் கருப்பு கலந்த பழுப்பு, தண்ணியும் போஸ்ட்கார்டு நீலம் கிடையாது. அதனாலயே வெளிநாட்டுக் கூட்டம் எட்டிப் பாக்குறது கம்மி. வர்றவங்கள்ல பெரும்பாலும் மெக்ஸிகோக்காரங்களே. நமக்கு அதான் வேணும்.

[திரையில்: பழைய துறைமுகப் படங்கள், வேகமா]

வரலாறு வேணுமா? மூச்சைப் பிடிச்சுக்கோங்க. 1519ல ஸ்பெயின்காரன் கோர்த்தேஸ் வந்து இறங்கினது இந்தக் கரையில. மெக்ஸிகோவோட வெள்ளி எல்லாம் ஸ்பெயினுக்குக் கப்பல் ஏறினது இங்கேருந்து. 1683ல கடல் கொள்ளைக்காரங்க வந்து ஊரையே சூறையாடினாங்க. துறைமுகத்துக்கு எதிர்ல இருக்கிற சான் ஹுவான் டெ உலுவா கோட்டையைவிட்டு ஸ்பெயின்காரன் கடைசியா இறங்கினது 1825ல. 1838ல பிரான்ஸ் படையெடுத்தது, 1847ல அமெரிக்கா, 1914ல மறுபடியும் அமெரிக்கா. அந்த 1825ஐயும் சேர்த்து நாலு தடவை மோதினதால ‘நான்கு முறை வீரம் காட்டிய நகரம்’னு பட்டமே இருக்கு.

அந்த 1838 சண்டையில மட்டும் ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா அதுக்குப் பேரே ‘பேஸ்ட்ரி போர்’. மெக்ஸிகோவுல கடை வச்சிருந்த ஒரு பிரெஞ்சு பேஸ்ட்ரிக்காரர், ‘ராணுவ ஆளுங்க என் கடையை நாசம் பண்ணிட்டாங்க, நஷ்ட ஈடு குடு’ன்னு புகார் குடுக்கிறார். இந்த மாதிரி புகாரை எல்லாம் சேர்த்துக் கட்டி பிரான்ஸ் பெரிய தொகையைக் கேட்குது. மெக்ஸிகோ தரலை. பீரங்கிக் கப்பல் வந்திருச்சு! இப்ப வெராக்ரூஸ் தெருவுல நடந்தீங்கன்னா, சைக்கிள்லயும் கூடையிலயும் ஒருத்தர் ‘வொலோவாஆஆனேஸ்’னு இழுத்துக் கூவிக்கிட்டு வருவார். என்ன அதுன்னு பாத்தா, பிரெஞ்சு பாணியில அடுக்கடுக்கா உதிர்ற பஃப்ஸ், உள்ள நண்டு. போருக்கும் இந்தப் பஃப்ஸுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நான் சொல்லலை, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. ஆனா பேஸ்ட்ரிக்காக அடி வாங்கின ஊர்ல பேஸ்ட்ரி தெருத்தெருவா விக்குது பாருங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு.

சரி, இப்ப வழிக்கு வருவோம். உள்ளூர்க்காரங்க கூடுற இடத்தைக் கண்டுபிடிக்க நான் சொல்ற ஒரே வழி: மேப்பை மூடுங்க, காதைத் திறங்க. இந்த ஊர்ல ஜனம் கூடுற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சத்தம் இருக்கு. பஃப்ஸ்காரர் குரலை இப்பத்தான் கேட்டீங்க. அவர் பின்னாடியே நாலு தெரு நடந்தாலே டூரிஸ்ட் ஏரியா முடிஞ்சு குடியிருப்பு ஏரியா வந்திரும்.

[திரையில்: காபிக் கடை, வெள்ளைச் சட்டை சர்வர், நீளமான மூக்கு வச்ச கெட்டில்]

அடுத்த சத்தம், நம்ம டிங் டிங். இந்தப் பகுதி கொஞ்சம் நீளமாப் போகும், மன்னிச்சிருங்க. காபி விஷயத்துல என்னால சுருக்கமாப் பேச முடியாது.

கடை பேரு கிரான் கஃபே டெ லா பரோக்கியா. 1808ல தொடங்கினதா பெருமையாச் சொல்லிக்கிறாங்க. கடற்கரைச் சாலையில, அதை மலெகோன்னு சொல்வாங்க, பெரிய ஹால், வரிசையா மேசை. நீங்க கேட்க வேண்டியது ‘லெச்செரோ’. ஒரு உயரமான கண்ணாடி டம்ளர்ல அடியில கொஞ்சம் கறுப்புக் காபியை மட்டும் வச்சிட்டு சர்வர் போயிருவார். கெட்டின்னா அவ்வளவு கெட்டி, நம்ம டிகாஷன் மாதிரி. ஜாஸ்தியா இருக்குன்னா கொஞ்சம் எடுக்கச் சொல்லலாம், எடுத்திருவாங்க.

இப்ப ஸ்பூனை எடுங்க. தட்டுங்க. ஹால்ல எங்கேயோ நிக்கிற இன்னொரு ஆள் பெரிய கெட்டிலோட வருவார். அவருக்குப் பால் ஊத்துறது மட்டும்தான் வேலை. கெட்டில் மூக்கை டம்ளர் வாயில வச்சு ஆரம்பிப்பார். அப்படியே கையைத் தூக்கிக்கிட்டே போவார், இடுப்பு உயரம், நெஞ்சு உயரம். பால் ஒத்தைக் கயிறா இறங்கும். டம்ளர் விளிம்புக்கு ஒரு விரக்கடை இருக்கும்போது மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவார். கயிறு அறுந்திரும். மேல நுரை. மேசையில ஒரு சொட்டு கிடையாது!

பாத்ததும் கும்பகோணம் ஞாபகம் வருதா இல்லையா? முதல்ல டிகாஷன், அப்புறம் கொதிக்கிற பால், உயரத்துலேருந்து ஊத்தி நுரை கிளப்புறது. ஒருத்தரை ஒருத்தர் பாத்தே இருக்காத ரெண்டு ஊரு, ஒரே முடிவுக்கு வந்திருக்கு. வித்தியாசம் என்னன்னா, நாம டபராவுக்கும் டம்ளருக்கும் மாத்தி மாத்தி ஆத்துவோம். அவங்க ஒரே தடவை, ஒரே ஊத்து. ஆத்துறதே இல்ல. அதனால வாய் சுடும், ஜாக்கிரதை. காபிக்கொட்டையும் மலையிலேருந்துதான் வருது. வெராக்ரூஸ் மாநிலத்துலயே மேற்கால ஏறினா கோட்டெபெக் பக்கம் மூடுபனிச் சரிவு முழுக்கக் காபித் தோட்டம். எது ஒசத்தின்னு கேட்டீங்கன்னா, என் ஓட்டு டபராவுக்குத்தான். ஆனா பால் ஊத்துற ஸ்டைலுக்குக் கப்பு அவங்களுக்குக் குடுத்திரலாம்.

தட்டுற பழக்கம் எப்படி வந்துச்சு? ஊர்ல சொல்ற கதை இது. டிராம் வண்டி ஓடின காலத்துல ஒரு டிராம் ஓட்டுநர், கடைக்குக் கொஞ்சம் முன்னாடியே மணியை அடிச்சிருவாராம். அவர் வந்து இறங்குறதுக்குள்ள காபி தயாரா இருக்கணும்னு. அவர் இறந்தப்ப, ஊர்வலம் கடை வழியாப் போகும்போது உள்ள இருந்தவங்க எல்லாரும் எழுந்து ஸ்பூனால டம்ளரைத் தட்டினாங்களாம். அன்னைக்குத் தொடங்கினது இதுன்னு சொல்றாங்க. நடந்ததோ இல்லையோ, நல்ல கதை.

‘அண்ணே, இந்தக் கடை எல்லா டூரிஸ்ட் புக்லயும் இருக்கே’ன்னு கேட்பீங்க. சரியான கேள்வி. அதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, காலையில சீக்கிரம் போங்க. அந்த நேரத்துல அரசியல்வாதி, பத்திரிகைக்காரர், துறைமுகத்து ஆளுங்க, ரிட்டயர் ஆன தாத்தாக்கள் உக்காந்து ஊர்ப் பஞ்சாயத்தை எல்லாம் அலசிக்கிட்டு இருப்பாங்க. இனிப்பு பன்னைப் பிளந்து உள்ள அரைச்ச பீன்ஸ் வச்சுத் தருவாங்க, ‘போம்பா’ன்னு பேரு. கேக்க விநோதமா இருக்கும், சாப்பிட்டா மறுபடி கேப்பீங்க. ரெண்டாவது வழி, லெச்செரோ அந்த ஒரு கடையோட சொத்து இல்ல. ஊருக்குள்ள நடங்க, எந்தக் கதவுக்குள்ளேருந்து டிங் டிங் கேட்குதோ அதுக்குள்ள நுழைஞ்சிருங்க. கேமரா தூக்கினவன் ஒருத்தனும் இருக்க மாட்டான், என்னை மாதிரி ஆளுங்களைத் தவிர.

வீடியோ பிடிச்சிருந்தா அந்த லைக் பட்டனையும் ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க. பால் வராது, ஆனா எனக்கு உதவியா இருக்கும்.

சாப்பாடு, வேகமா. காலையில பிக்காதா, கோர்தா. ரெண்டும் சோள மாவு. பிக்காதா கையால விளிம்பைக் கிள்ளித் தூக்கிவிட்டு மேல சால்சாவும் சீஸும் வெங்காயமும் போடுறது. கோர்தா எண்ணெயில உப்பி வர்றது. மத்தியானம் ஹிடால்கோ மார்க்கெட்டுக்குள்ள போங்க. இறால், சிப்பி, ஆக்டோபஸ் எல்லாத்தையும் தக்காளிச் சாறுல எலுமிச்சை பிழிஞ்சு கண்ணாடிக் கோப்பையில தருவாங்க. முந்தின ராத்திரி கொஞ்சம் ஜாஸ்தியாப் போனவங்களுக்கு அதுதான் வைத்தியம்னு நம்பிக்கை. சைவம்னா பீன்ஸ் கோர்தாவோட நிறுத்திக்கோங்க, அதுவும் பன்றிக் கொழுப்புல செஞ்சதான்னு கேட்டுட்டு.

[திரையில்: சாயங்கால விளக்கு வெளிச்சம், சின்னச் சதுக்கம், கிளாரினெட்]

மூணாவது சத்தம் சாயங்காலம் கேட்கும். கிளாரினெட், டிம்பால்ஸ் டிரம், சுரைக்குடுவையைச் சுரண்டுற மாதிரி ஒரு கரகர. அது டான்ஸோன். கியூபாவுல பிறந்த நடனம், 19ஆம் நூற்றாண்டு கடைசியில அங்க சண்டையும் கலவரமுமா இருந்தப்ப தப்பி வந்தவங்க மூலமா வெராக்ரூஸ்ல கரையேறுச்சு. பிறந்த ஊர்ல மங்கிப் போச்சு, வந்த ஊர்ல இன்னும் ஆடுறாங்க. ஊர் நடுவுல இருக்கிற சோக்கலோ சதுக்கத்துலயும் ஆடுவாங்க. ஆனா எனக்குப் பிடிச்சது நாலு தெரு தள்ளி இருக்கிற பிளாசுவேலா டெ லா கம்பானா. குட்டிச் சதுக்கம். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது.

ஆடுறவங்களைப் பாருங்க. முக்கால்வாசி எழுபது வயசு ஆளுங்க. தாத்தா வெள்ளை குவாயபேரா சட்டை, ரெண்டு கலர் ஷூ, இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நிக்கும். பாட்டி கையில விசிறி. ஒரே ஒரு தரை ஓட்டுக்கு மேல நின்னே மொத்த நடனத்தையும் ஆடணும்னு பழைய ஆட்கள் சொல்வாங்க. அவ்வளவு அடக்கம். திடீர்னு எல்லாரும் நின்னுருவாங்க! பாட்டு ஓடிக்கிட்டேதான் இருக்கு. ஆனா அந்தப் பல்லவி திரும்ப வரும்போதெல்லாம் ஜோடிங்க ஆடக்கூடாது. பேண்டைப் பாத்துத் திரும்பி நிப்பாங்க, பாட்டி விசிறுவாங்க, தாத்தா கர்ச்சீப்பால கழுத்தைத் துடைப்பார். யாரும் ஒண்ணு ரெண்டு எண்ண மாட்டாங்க. சரியான தாளத்துல மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல திரும்பி மறுபடி ஆரம்பிக்கும். எனக்குப் புல்லரிச்சது அங்கதான். வெராக்ரூஸ் வெயில்ல நடுவுல ஓய்வு வச்ச நடனம்தான் நிலைக்கும்னு ஒரு சந்தேகமும் எனக்கு உண்டு.

ஓரமா நாற்காலி இருந்தா உக்காருங்க. பக்கத்துல இருக்கிற பாட்டிகிட்ட ‘நாளைக்கு எங்க ஆடுறீங்க’ன்னு கேளுங்க. என்னைக்கு எந்தச் சதுக்கம், எந்தப் பூங்காங்கிறது அவங்களுக்குத்தான் தெரியும், கூகுளுக்குத் தெரியாது.

அங்கேருந்து தெற்கால நடந்தா லா உவாக்கா. பழைய கோட்டைச் சுவருக்கு வெளிய ஏழை ஜனங்களும், அடிமைகளாக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களோட வம்சாவளியும் வாழ்ந்த பேட்டை. சுவரை 1880ல இடிச்சிட்டாங்க, சாந்தியாகோ கொத்தளம் மட்டும் மிச்சம். பேட்டை அப்படியே இருக்கு. கலர் கலரா மரப்பலகை வீடுங்க, நடுவுல பொது முற்றம். பொலேரோ பாடகி தோன்யா லா நேக்ரா 1912ல பிறந்தது இங்கதான், அவங்க பேர்லயே ஒரு சந்து இருக்கு. சாயங்காலம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க. ‘புவேனாஸ் தார்தேஸ்’னு வணக்கம் சொல்லிட்டு நடங்க, ஜன்னலுக்குள்ள கேமராவை நீட்டாதீங்க, அது அவங்க வீடு. இருட்டினப்புறம் தெரியாத தெருவுல சுத்தவேண்டாம், தங்கியிருக்கிற இடத்துல சொல்லி டாக்ஸி பிடிச்சிருங்க.

பேஸ்பால் பிடிக்குமா? கோடையில போனீங்கன்னா எல் ஆகிலா அணியோட ஆட்டம் ஒண்ணு பாருங்க, 1903லேருந்து இருக்கிற பேரு. மைதானத்துக்குப் பேரு பெட்டோ ஆவிலா. இந்த ஊர்ப் பையன், 1954ல அமெரிக்கன் லீக்ல பேட்டிங் சாம்பியன், பிறகு இதே ஊருக்கு மேயர். எனக்கு பேஸ்பால் ரூல்ஸ் புரியாது, கத்துறதுக்கு ரூல்ஸ் தேவைப்படலை.

ஒரு எச்சரிக்கை. அக்டோபர்லேருந்து வசந்தம் வரைக்கும் ‘நோர்ட்டே’ன்னு வடக்குக் காத்து திடீர்னு அடிக்கும். நாற்காலி பறக்கும், மணல் கண்ணுல அடிக்கும், கடற்கரைச் சாலை காலியாயிரும். அன்னைக்குக் காபிக் கடையில இடம் கிடைக்காது.

கடைசியா, ஒரு மத்தியானம் ஒதுக்கி போக்கா டெல் ரியோ தாண்டி மாண்டிங்காவுக்குப் போங்க. காயலோரம், அலையாத்திக் காடு, தண்ணி ஓரத்துல மீன் ஓட்டல்ங்க. ஞாயித்துக்கிழமை வெராக்ரூஸ் குடும்பம் குடும்பமா வந்து இறங்கும். குழம்பு மாதிரி தளதளன்னு கடல் உணவு போட்ட ‘அரோஸ் அ லா தும்பாதா’ சோறு சொல்லுங்க. சோறு வர்றதுக்குள்ள ஹார்ப்பும் சின்ன கித்தாரும் தூக்கிக்கிட்டு மூணு பேர் மேசைக்கு வந்திருவாங்க. சோன் ஹரோச்சோ பாட்டு. ஒரு பாட்டுக்கு எவ்வளவுன்னு முன்னாடியே பேசிக்கோங்க. உங்க சட்டை, உங்க தொப்பை, பக்கத்துல இருக்கிற மச்சான் மண்டை, எதையாவது பிடிச்சு அந்த இடத்துலயே பாட்டு கட்டி ஓட்டுவாங்க. மொத்த ஓட்டலும் சிரிக்கும், உங்களுக்கு மட்டும் ஸ்பானிஷ் புரியாது. அந்த வரிகளை ரெக்கார்டு பண்ணிட்டு வந்து கமெண்ட்ல போடுங்க, என்ன திட்டினாங்கன்னு சேர்ந்து கண்டுபிடிப்போம்.