மீன் சந்தைக்குப் பக்கத்து மைதானம்

நேயர்களுக்கு வணக்கம்.

போர் வேண்டாம் என்று தெருவில் போய் நின்றால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். 2003 பிப்ரவரி 15 அன்று, இராக் மீது போர் கூடாது என்று உலகமெங்கும் பல நூறு நகரங்களில் மக்கள் திரண்டார்கள். லண்டனிலும் ரோமிலும் தெருக்கள் கொள்ளவில்லை. ஐந்து வாரம்கூட ஆகவில்லை, மார்ச் 20-ல் போர் தொடங்கிவிட்டது. அன்று நடந்தவர்களில் எத்தனையோ பேர் மனம் விட்டுப்போனார்கள்.

அடுத்த மாதமே, ஏப்ரலில், மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு கூட்டம் கூடியது. அப்போது அதை உலகம் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. இன்று நான் பேச வந்தது அந்தப் பெண்களைப் பற்றித்தான்.

நாடு லைபீரியா, தலைநகரம் மன்ரோவியா. 1989 கடைசியில் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவில் கொஞ்ச காலம் ஓய்ந்து மறுபடியும் மூண்டிருந்தது. சுமார் இரண்டரை லட்சம் பேர் செத்திருந்தார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் கையில் துப்பாக்கி. ஒரு பக்கம் அதிபர் சார்லஸ் டெய்லரின் படை, எதிர்ப்பக்கம் இரண்டு கிளர்ச்சிக் குழுக்கள். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளையைக் கையில் பிடித்து ஓடிய பெண்கள்.

லேமா குபோவீ என்ற சமூக சேவகி, வயது முப்பத்தொன்று, பிள்ளைகளின் தாய். தேவாலயத்துப் பெண்களை அவர் ஒன்று சேர்த்தார். அசாட்டு பா கென்னத் என்ற முஸ்லிம் பெண், காவல்துறை அதிகாரி, மசூதிக்கு வரும் பெண்களை அழைத்துவந்தார். குண்டு விழும்போது நீ எந்த மதம் என்று பார்த்தா விழுகிறது? அந்த ஒரு கேள்வியில் இரண்டு கூட்டமும் ஒன்றானது.

அவர்கள் தேர்ந்தெடுத்த இடத்தை நான் எப்போதும் வியந்துதான் நினைப்பேன். மீன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வெறும் மைதானம். அதை ஒட்டிப் போகிற டப்மன் சாலையில்தான் அதிபரின் கார் வரிசை வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகும், திரும்பும். பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி. நகை கிடையாது, அலங்காரம் கிடையாது. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். வெயில் கொளுத்தியது. அப்புறம் மழைக்காலம் வந்தது. மன்ரோவியா மழை சாதாரண மழை இல்லை, மாதக்கணக்கில் கொட்டும். நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்கள். இன்று கலைந்துவிடுவார்கள், நாளை கலைந்துவிடுவார்கள் என்று நினைத்தவர்களின் கண்ணில் ஒவ்வொரு நாளும் அதே வெள்ளை பட்டுக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 23 அன்று அதிபர் அவர்களைச் சந்தித்தார். குபோவீ எழுந்து பேசினார். ஓடி ஓடிக் களைத்துவிட்டோம், நிவாரணக் கோதுமைக்குக் கையேந்திக் களைத்துவிட்டோம் என்றார். நாளைக்கு எங்கள் பிள்ளைகள் எங்களைக் கேட்பார்கள், அம்மா, அந்தக் காலத்தில் நீ என்ன செய்தாய் என்று. அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்றார். அதிபர் சமாதானப் பேச்சுக்குப் போக ஒப்புக்கொண்டார். கிளர்ச்சித் தலைவர்களிடமும் பெண்கள் ஆள் அனுப்பிப் பேசி, அவர்களையும் இணங்க வைத்தார்கள்.

ஜூன் 4-ல் கானாவின் அக்ரா நகரில் பேச்சு தொடங்கியது. வாரக்கணக்கில் இழுத்தது. எந்தப் பதவி யாருக்கு என்ற பேரம்தான் பெரிதாக இருந்தது. பேச வந்தவர்கள் நல்ல ஓட்டலில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மன்ரோவியாவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜூலை 21-ல் அடைக்கலம் தேடி மக்கள் கூடியிருந்த இடத்திலேயே விழுந்தது. அன்று அக்ராவில் இருந்த பெண்கள் கூட்ட அரங்கின் வாசலில் கையோடு கை கோத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் முடியாமல் உள்ளே இருப்பவர் வெளியே வரக் கூடாது.

காவலர்கள் கைது செய்ய வந்தபோது குபோவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். அந்த மண்ணில் ஒரு தாய் கோபத்தில் ஆடை களைந்து நிற்பது பார்ப்பவருக்குப் பெரும் சாபம். காவலர்கள் பின்வாங்கிவிட்டார்கள். மத்தியஸ்தம் செய்த நைஜீரியாவின் முன்னாள் ஆட்சித் தலைவர் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து பெண்களுடன் பேசினார். பெண்களைத் தாண்டி வெளியே போகப் பார்த்த பிரதிநிதியை உள்ளே போய் உட்காரச் சொன்னவரும் அவர்தான். அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறியது. ஆகஸ்ட் 11-ல் டெய்லர் பதவி விலகி நைஜீரியாவுக்குப் போனார். ஆகஸ்ட் 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

எல்லாமே பெண்களால் மட்டும் நடந்தது என்று சொன்னால் அது நேர்மையாக இருக்காது. பக்கத்து நாடான சியரா லியோனின் போர்க்குற்றங்களை விசாரிக்க ஐ.நா. ஆதரவுடன் அமைந்த சிறப்பு நீதிமன்றம் டெய்லர் மீது குற்றம் சாட்டியிருந்தது, கிளர்ச்சிப் படை தலைநகருக்குள் வந்துவிட்டது, மேற்கு ஆப்பிரிக்க அமைதிப்படையும் இறங்கியது. ஆனால் இவற்றில் எதற்கும் சாகிற மக்களின் அவசரம் இல்லை. அந்த அவசரத்தைப் பேச்சு மேசை வரைக்கும் கொண்டுபோனவர்கள் மைதானத்தில் உட்கார்ந்தவர்கள். லண்டனில் நடந்த கூட்டம் எவ்வளவோ பெரியது. ஒரே நாளில் வந்து, ஒரே நாளில் வீடு திரும்பியது. இவர்கள் நாளைக்கும் வந்தார்கள், மறுநாளும் வந்தார்கள்.

குபோவீக்கு 2011-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது 2005-ல் நடந்தது. தேர்தல் வரப்போகிறது, ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் பதியப் பெண்கள் அதிகம் வரவில்லை. சந்தையில் கடை போட்டவள் கடையை விட்டு எப்படிப் போவாள்? இந்தப் பெண்கள் சந்தை சந்தையாகப் போனார்கள். கடைக்காரி பெயர் பதிந்துவிட்டுத் திரும்பும் வரை அவள் கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்கள், கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.