டாக்டர் மாறட்டும், முறையாக மாறட்டும்

(மதுரையில் அறிவியல் புனைவு ரசிகர்கள் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: டாக்டர் ஹூ என்பது பிபிசியின் அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர். அதன் நாயகர் டாக்டர், கலத்தில் பயணம் செய்யும் வேற்றுக்கிரகத்துக்காரர். நடிகர் மாறும்போதெல்லாம் கதையிலும் அவருக்கு உடல் மாறும். அந்த வேடத்தில் அண்மையில் நடித்து விலகியவர் ஷூட்டி கட்வா.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "ஷூட்டி கட்வா போனதோடு டாக்டர் ஹூவும் முடிந்தது" என்றார். பதில் சொல்ல வந்த தங்கை, "ஆள் போனால் என்ன, டாக்டர் போகமாட்டார்" என்றார். இரண்டு பேருக்கும் நன்றாகவே கை தட்டினீர்கள். பட்டிமன்றத்துக்குப் பேர்போன ஊர், அப்படித்தான் இருக்கும். ஆனால் நடுவராக நான் வரவில்லை. இரண்டு பேரோடும் எனக்கு வழக்கு இருக்கிறது.

முதலில் தங்கையிடம் வருகிறேன். "ஆள் போனால் என்ன" என்று அவ்வளவு லேசாகச் சொல்லிவிட முடியாதம்மா. டாம் பேக்கர் 1974 முதல் 1981 வரை ஏழு ஆண்டுகள் டாக்டராக இருந்தார். ஐந்து வயதில் அவரைப் பார்க்கத் தொடங்கிய பிள்ளைக்கு அவர் போகும்போது பன்னிரண்டு வயது. அந்தப் பிள்ளைக்கு டாக்டர் என்றால் அந்த நீளக் கழுத்துத் துணியும் அந்தக் கண்ணும்தான். அவர் போன வாரம் அந்த வீட்டில் ஒரு வெறுமை இருந்திருக்கும். அந்த வருத்தம் உண்மையானது, அதைக் கேலி செய்யக்கூடாது.

இனி தம்பி. ஆள் போனால் கதை போய்விடும் என்றால், இந்தத் தொடர் 1966லேயே போயிருக்க வேண்டும்.

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய தொடர் இது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர். தயாரித்த வெரிட்டி லாம்பர்ட் இருபதுகளில் இருந்த இளம்பெண். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். மூன்று ஆண்டுகளில் அவர் உடல்நிலை கெட்டது, வசனம் நினைவில் நிற்கவில்லை. வேறு எந்தத் தொடராக இருந்தாலும் நாயகனைக் கொன்றிருப்பார்கள், அல்லது ஒன்றும் நடக்காததுபோல் வேறு ஒருவரை அதே பெயரில் உட்கார வைத்திருப்பார்கள். இவர்கள் இரண்டையும் செய்யவில்லை. 1966 அக்டோபர் 29 அன்று டாக்டர் களைத்துப்போய்த் தன் கலத்தின் தரையில் விழுகிறார், முகத்தில் ஒளி பரவுகிறது, ஒளி அடங்கும்போது அங்கே பாட்ரிக் டிரவ்டன் கிடக்கிறார். டாக்டருக்கு இப்படி உடல் மாறும் என்று அதுவரை கதையில் எங்குமே சொல்லப்பட்டதில்லை.

அதைவிடப் பெரிய காரியத்தை அடுத்த கதையில் செய்தார்கள். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டாக்டரோடு பயணம் செய்தவர்கள் இரண்டு பேர், மாலுமி பென், இளம்பெண் பாலி. புது ஆள் எழுந்து நிற்கிறார். பழைய டாக்டரின் மோதிரம் இவர் விரலில் நிற்காமல் கழன்று விழுகிறது. பாலி இவர்தான் டாக்டர் என்று நம்புகிறாள். பென் நம்பவில்லை, எவனோ ஒருவன் உள்ளே புகுந்துவிட்டான் என்று சந்தேகப்படுகிறான். புது ஆளும் நேராகப் பதில் சொல்லாமல் புல்லாங்குழலை ஊதிக்கொண்டு திரிகிறார். கடைசியில் அவரை அடையாளம் கண்டுகொண்டது யார்? டாலெக். அவருடைய பரம எதிரி. எதிரிக்குத் தெரிந்துவிட்ட பிறகு பென்னும் ஒத்துக்கொள்கிறான்.

இன்றைக்கு நாம் இங்கே நடத்துகிற வழக்கை அன்றைக்கே கதைக்குள் நடத்திவிட்டார்கள். பார்ப்பவனின் சந்தேகத்துக்கு ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, அவனைப் பேசவிட்டு, மெல்ல மெல்ல அழைத்துவந்தார்கள். அந்தக் கதையின் ஆறு பகுதிகளின் ஒளிப்பதிவும் பிபிசி கிடங்கில் இல்லாமல் போய்விட்டது. எஞ்சியது ஒலி மட்டும். 2016இல் அந்த ஒலிக்குச் சித்திரம் வரைந்து மறுபடி வெளியிட்டார்கள். காணக் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ சாமி கும்பிடு வந்தால் ஸ்பெஷல் நாடகம் போடுவார்கள். பெரும்பாலும் வள்ளி திருமணம், சங்கரதாஸ் சுவாமிகள் எழுதியது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்த்ரீபார்ட் ஒரு ஊர், நாரதர் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர். தனித்தனியாகப் பேசி அழைத்து வருவார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பு. கதை எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் விடிய விடிய ஓடும். அந்த முருகனே வேடனாக வருவார், கிழவனாக வருவார். ஊர்க் கமிட்டியில் ஆளுக்கு ஆள் சண்டை நடக்கும்: போன வருசம் வந்த ராஜபார்ட்தான் வரணும், புது ஆள் வேண்டாம் என்று. புது ஆள் வந்துவிட்டால்? முதல் பாட்டுவரை பொறுப்பார்கள். பாடிவிட்டால் அவர்தான் முருகன். தர்க்கத்தில் தடுமாறினால் விடமாட்டார்கள். வந்து நின்று பாடிய பிறகுதான் தீர்ப்பு. இந்த நியாயம் நம் இளைஞர்களிடம் ஏன் இல்லை? பெயர் அறிவித்த அன்றைக்கே "இவர் தேறமாட்டார்" என்கிறோம்.

ஜோடி விட்டேக்கர் விஷயத்தில் அதுதான் நடந்தது. 2017 ஜூலையில் டாக்டர் இனி ஒரு பெண் என்று அறிவித்தார்கள். ஒரு காட்சிகூட வெளிவராத நிலையில் பெரிய சண்டை. முன்னாள் டாக்டர்களே எதிரெதிராக நின்றார்கள்: பையன்களுக்கு ஒரு முன்மாதிரி போய்விட்டதே என்று பீட்டர் டேவிசன் வருந்தினார், காலின் பேக்கர் அதை மறுத்தார். வேற்றுக்கிரகத்துக்காரருக்கு ஆண் உடல்தான் வர வேண்டும் என்று யார் விதித்தது? நம் மேடையைப் பாருங்கள். 1918இல் இதே மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவில் சிறுவனாகச் சேர்ந்தவர் டி.கே. சண்முகம். பின்னாளில் ஔவையாராக நடித்து அவ்வை சண்முகம் என்றே பெயர் பெற்றார். 1935இல் திரையில் நந்தனாராக நின்றவர் கே.பி. சுந்தராம்பாள். அதே சுந்தராம்பாள் 1953இல் திரையில் ஔவையாராகவும் வந்தார். ஒரே ஔவை, மேடையில் ஆண் உடலில், திரையில் பெண் உடலில். நம் பாட்டிமார் இரண்டு பேரையும் கும்பிட்டார்கள். விட்டேக்கரின் கதைகள் சில எனக்கும் பிடிக்கவில்லை. அதைக் கதையின் குறையாகப் பேசுவோம், நடித்தவரின் பிறப்பின் குறையாகப் பேச வேண்டாம்.

அப்படியானால் எல்லா மாற்றமும் சரியா? இல்லை. 1986இல் காலின் பேக்கரை நீக்கினார்கள். மாறும் காட்சியில் நடிக்க அவர் திரும்பி வரவில்லை. அடுத்து வந்த சில்வெஸ்டர் மெக்காய்க்கே பொன்னிறப் பொய்முடி வைத்துத் தரையில் கிடத்தி, அப்படியே மாற்றிவிட்டார்கள். ஒரு விடைபெறல் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. அந்த டாக்டரை நேசித்தவர்களுக்கு அழுவதற்குக்கூட ஒரு காட்சி கிடைக்கவில்லை. என் வழக்கு இதன் மேல்தான். ஆள் மாறுவது பிழை இல்லை. போகிறவருக்கு நிறைவான விடையும் வருகிறவருக்கு நம்மை வெல்ல ஒரு வாய்ப்பும் தராமல் மாற்றுவதுதான் பிழை.

கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் 2005இல் ஒரே ஒரு பருவம், 13 பகுதிகள்தான் நடித்தார். அவர் விலகும் செய்தி முதல் பகுதி வந்த சில நாட்களிலேயே வெளியாகிவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் கடைசிப் பகுதியில் அவர் தன் பயணத் துணையான ரோஸிடம் சிரித்த முகத்தோடு விடைபெற்றுப் போன விதத்தில் அந்தக் கோபம் பாதி ஆறியது. 2014இல் பீட்டர் கபால்டி வந்தபோது, அவரை ஏற்க முடியாமல் திணறும் பயணத் துணை கிளாராவுக்குப் பழைய டாக்டர் மேட் ஸ்மித்தே தொலைபேசியில் பேசி, புது ஆளுக்குத் துணை நிற்கச் சொன்னார். 1966இன் பாடத்தை மறக்காதவர்கள் எழுதிய காட்சி அது.

கட்வாவுக்கு வருகிறேன். எட்டு எட்டுப் பகுதிகளாக இரண்டு பருவம், கூடச் சில சிறப்புப் பகுதிகள், அவ்வளவுதான். ஆட்டமும் அழுகையும் ஒரே மூச்சில் வரும் நடிகர் அவர். டாலெக்குகளை எதிர்த்து நிற்கும் ஒரு கதைகூட அவருக்கு வாய்க்கவில்லை. 2025 மே 31 அன்று அவர் உடல் ஒளியாகி, அந்த ஒளியிலிருந்து பில்லி பைப்பரின் முகம் வந்தது, ரோஸாக நாம் பார்த்த அதே முகம். பெயர்ப் பட்டியலில் பைப்பரின் பெயர் இருந்தது. டாக்டராக நடிக்கிறார் என்று மட்டும் போடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தொடருக்காக டிஸ்னியுடன் பிபிசி வைத்திருந்த கூட்டு முடிந்த அறிவிப்பும் வந்தது. தம்பி கோபப்படுவது இந்த அவசரத்தின் மேல் என்றால் நான் அவர் பக்கம்.

எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். பைப்பரோ வேறு யாரோ, அடுத்து வருபவருக்குக் குறைந்தது மூன்று பருவம் கொடுங்கள். பென்னைப் போல அவரைச் சந்தேகப்பட ஒரு ஆளைக் கதைக்குள் வையுங்கள். முதல் பருவத்திலேயே ஒரு டாலெக் கதை கொடுங்கள். தம்பி, தங்கை, நீங்கள் இருவரும் அந்த முதல் பருவம் முடியும்வரை சேர்ந்து பாருங்கள். அதன் பிறகு இதே மேடையில் எவ்வளவு வேண்டுமானாலும் மோதுங்கள், கேட்க நானும் வருகிறேன்.

வணக்கம்.