எட்டாவது மணி நேரத்துச் சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

தொலைதூரப் பயணத்துக்கென்றே பைக் வைத்திருப்பவர் சைலன்சரை மாற்ற நினைத்தால், முதல் வேலையாக வீடியோவில் அதன் சத்தத்தைக் கேட்பார். நின்ற இடத்திலேயே வண்டியை உறுமவிட்டு எடுத்த வீடியோ அது. நானும் அப்படி மயங்கித்தான் குட்டையாக ஒன்றை வாங்கி மாட்டினேன். முதல் அரை மணி நேரம் சொர்க்கம். மூன்றாவது மணி நேரத்தில், ஹெல்மெட்டுக்குள் யாரோ உட்கார்ந்து விடாமல் முனகுவது போல இருந்தது. இறங்கிய பிறகும் காதில் அதே முனகல்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் பெட்ரோல் எரியும். நிமிடத்துக்கு 4,800 சுற்று என்றால் விநாடிக்கு 40 வெடிப்பு, அடித்தொண்டை ரீங்காரம். ஊருக்குள் கியர் மாற்றி மாற்றிப் போகும்போது இது உறைக்காது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் சுருதிப்பெட்டி மாதிரி ஒரே இடத்தில் நின்றுவிடும். அதனால் அதே சைலன்சர் போட்ட அதே மாடல் வண்டி யாரிடமாவது இருந்தால், கெஞ்சியாவது வாங்கி ஓட்டிப் பாருங்கள். டாப் கியரில், நீங்கள் வழக்கமாகப் போகும் வேகத்தில்.

டெசிபல் கணக்கும் ஏமாற்றும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். சைலன்சர் வாயில் செருகியிருக்கும் ‘டிபி கில்லர்’ என்ற சின்னக் குழாயைக் கழற்றி எறிகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. பெரும்பாலும் அது உள்ளே இருந்தால்தான் சாலை அனுமதியே செல்லும்.

பவர் ஏறுமா என்றால், கடைசிப் பகுதியை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆனில் சொல்லிக்கொள்ளும்படி ஏறாது. எஞ்சினிலிருந்தே மாற்றும் ஃபுல் சிஸ்டத்தில் கொஞ்சம் ஏறலாம். ஆனால் பலவற்றில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் போய்விடும், எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்லும் எரிபொருள் மேப்பையும் திருத்த வேண்டிவரும். பயணத்துக்கு ஸ்லிப்-ஆனே போதும் என்பது என் கட்சி. அதில் கிடைக்கும் உண்மையான லாபம் எடைதான். டைட்டானியத்தின் எடை, அதே அளவு எஃகின் எடையில் பாதியைவிடச் சற்றே அதிகம்.

அப்புறம், பலரும் கோட்டைவிடும் இடம் பக்கப்பெட்டி. சைலன்சர் பெட்டியை ஒட்டி நின்றால் உள்ளே மழைக்கோட்டு உருகும். பெட்டிகளை நிரப்பி, பின்னால் ஆளையும் உட்காரவைத்து இடைவெளியைப் பாருங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போதுதான் உண்மை தெரியும். சில வண்டிகளில் சென்டர் ஸ்டாண்ட் மடங்கி வந்து முட்டி நிற்கும் ரப்பர் பழைய சைலன்சரில்தான் இருக்கும். புதியதில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்சக்கரத்தின் ஆக்சிலை உருவ வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவழியில் பஞ்சர் ஆனால் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது.

மாட்டிய பிறகு ஆக்சிலரேட்டரை விட்டால் படபடவென்று வெடிக்கிறதா? முதலில் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். சில முறை சூடாகி ஆறியதும் கிளாம்பை மறுபடி முறுக்குங்கள். உள்ளே பஞ்சு அடைத்த வகையாக இருந்தால், ஓட ஓட அது கருகிச் சத்தம் கூடிக்கொண்டே போகும். மாற்றுப் பஞ்சு கிடைக்குமா என்று வாங்கும் அன்றே விசாரித்துவிடுங்கள். பழைய சைலன்சரை மட்டும் விற்றுவிடாதீர்கள். என் வண்டியில் இப்போது அதுதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.